கால்மாட்டில் கிடந்த நாய்

அந்தப் புரட்டாசியில் ஈக்கள் எங்கள் வீட்டு நாயின் காதுகளைத் தின்னத் தொடங்கின. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இரண்டு காதுகளின் நுனியிலும் மயிர் உதிர்ந்து, தோல் பிய்ந்து, ரத்தம் கசிந்து கறுப்பாக உறைந்திருந்தது. உறைந்த இடத்தின் மேல் மறுபடியும் ஈ. தாங்க முடியாமல் அது தலையை உதறும்போது சுவரில் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். அதன் பிறகு அந்தச் சுவருக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. இன்னும் அந்தப் பொட்டுகள் என் கண்ணுக்குத் தெரிகின்றன. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் இல்லையே அம்மா என்றாள்.

அப்போது நான் அப்பாவோடு இருக்க வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தை மாதம் அம்மா இறந்தாள். என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார், மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எனக்குத் தையல் மிஷின் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிழைப்பு. அதனால் மிஷினை ஒரு சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் அப்பாவின் வீட்டுக்கு வந்துவிட்டேன். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிக் கருவேலங்காட்டு வழியாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஊர். முன்னறையில் ஜன்னலோரம் மிஷினைப் போட்டேன். பின்னறையில் அப்பாவின் கட்டில். நடுவில் கதவில்லாத ஒரு நிலை. மிஷினில் உட்கார்ந்தபடி தலையைத் திருப்பினால் கட்டிலின் கால்மாடு தெரியும்.

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நான் வளர்ந்த காலத்தில் அவர் வீட்டில் இருந்ததைவிட இல்லாமல் இருந்ததுதான் அதிகம். வந்தால் குளிப்பார், தூங்குவார், பண்டம் வாங்கிக் கொடுப்பார், போய்விடுவார். எங்கள் இருவருக்கும் பேச வேண்டியதை எல்லாம் அம்மாதான் பேசினாள். நான் கேட்பதை அவரிடம் சொல்வாள், அவர் சொல்வதை என்னிடம் சொல்வாள். அவள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் மரியாதையாக இருந்தோம். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று நான் கேட்பேன். போட்டேன் என்பார். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அவர் வாய்விட்டுப் பேசியது அந்த நாயோடு மட்டும்தான். லாரி ஓட்டுவதை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால், மதுரை ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் லாரிச் சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்த குட்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. அதற்குப் பெயர் வைக்கவில்லை. தம்பி என்று கூப்பிடுவார். தம்பி, மழை வருமாடா என்பார். தம்பி, இன்னைக்கி என்ன கொழம்புன்னு போய்ப் பாத்துட்டு வா என்பார். அது எழுந்து அடுப்படி வரைக்கும் வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அப்பா கேட்க நினைத்ததை நான் அதனிடமிருந்து தெரிந்துகொள்வேன்.

ஊருக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணை இருந்தது. மழைக்கு முன்னால் அங்கே எருவை வாரி வெளியே கொட்டினார்கள். விட்டுவிட்டு மழை பெய்தது, நடுவில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஊர் முழுக்க ஈ. சோற்றுத் தட்டில், குழந்தைகளின் வாயோரத்தில், துணி காயும் கொடியில், நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் மேல். எல்லா வீட்டிலும் ஈ இருந்ததால் எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது எனக்கு உறைக்கவில்லை.

நாய் பகல் முழுக்க அப்பாவின் கட்டிலுக்குக் கீழே, கால்மாட்டில் கிடக்கும். முன்பெல்லாம் வாசலில் வேப்ப மரத்தடியில் படுத்திருந்த நாய். ஆவணியிலிருந்து உள்ளே வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கே கிடந்துகொண்டு ஈயைக் கவ்வும். டக், டக் என்று பல்லோடு பல் மோதும் சத்தம். நான் மிஷினை நிறுத்தும்போதெல்லாம் அது கேட்கும். பாவம், ஈத் தொல்லையில் தூங்கக்கூட முடியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தேன். வேப்பெண்ணெயில் சூடத்தைப் பொடித்துப் போட்டுக் காதில் தடவினேன். மஞ்சள் அரைத்துப் பூசினேன். அது நாக்கை நீட்டி நக்கிவிடும், எட்டாத இடத்தைக் காலால் தேய்த்துவிடும். ஒரு வாரம் கழித்து இடது காதின் உட்புறத்தில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. அன்றைக்கே ஒரு லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு, நாயின் வாயைத் துண்டால் கட்டி, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையானவர். காதில் டர்பன்டைன் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டார். அந்த நெடியில் புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. இடுக்கியால் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். பிறகு எனக்கு விளக்கமாகச் சொன்னார். உறைந்த ரத்தம்தான் ஈயைக் கூப்பிடுகிறது, அதனால் வெந்நீரில் ஊறவைத்துப் பொருக்கை எடுத்துவிட்டுத்தான் மருந்து போட வேண்டும். படுக்கிற சாக்கைத் தினமும் மாற்ற வேண்டும். தின்று முடித்ததும் சோற்றுத் தட்டை எடுத்துவிட வேண்டும். காற்றாடிக்குக் கீழே படுக்கவைத்தால் ஈ உட்காராது. விரல் இடுக்கு, வாலுக்கு அடியில், காதுமடிப்பு எல்லாம் காலையும் மாலையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகிவிடும். சுத்தமான ஓர் இடத்தில் வலைபோட்டுக் கொஞ்ச நாள் கட்டிவைத்தால் சீக்கிரம் ஆறும்.

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கிளம்பும்போது அவர் கேட்டார்.

"வீட்ல வேற எதுக்கும் புண்ணு கிண்ணு இருக்காக்கா? ஆடு, மாடு, எதுக்காச்சும்? இந்தப் பச்சை ஈ சும்மா வராது."

ஆடு மாடு எதுவும் இல்லைங்க, இந்த நாய் ஒன்றுதான் என்றேன்.

அந்தப் பதிலை நான் எத்தனை முறை திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாத்திரம் விளக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, உதடு தானாக அசையும். பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கொல்லையில் இருந்த சின்னத் தாழ்வாரத்தைக் கழுவிவிட்டேன். பழைய கொசுவலையை நான்கு பக்கமும் இழுத்துத் தைத்தேன். லைனிங் துணியில் நாயின் தலைக்கு அளவெடுத்து ஒரு முக்காடு தைத்துப் போட்டேன். முன்னறையில் இருந்த மேஜை விசிறியைக் கொண்டுபோய் அதன் பக்கம் திருப்பி வைத்தேன். கயிற்றைத் தூணில் கட்டினேன். சொல்லப்போனால் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. நாய்க்கு இவ்வளவு பார்க்கிறாளே என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாய் ஊளையிட்டது. பகலில்தான். சாப்பாடு வைத்தால் திரும்பிப் பார்க்காது. பின்னறையின் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டு கயிற்றை இழுக்கும். இரண்டாம் நாள் அப்பா கட்டிலில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார். அவராக என்னைக் கூப்பிடுவது அபூர்வம் என்பதால் கையில் கத்தரிக்கோலோடு போய் நின்றேன்.

"அவன அவுத்து விடு ஆத்தா. இங்கிட்டே கெடக்கட்டும்."

காது ஆற வேண்டும், டாக்டர் சொல்லியிருக்கிறார், உள்ளே விட்டால் உங்களுக்கும் நோய் வந்துவிடும் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். வேறு ஏதோ சொல்ல வருகிறார் என்று தோன்றியது. பிறகு சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மிஷினுக்குத் திரும்பினேன். அன்று ஒரு கல்யாண வீட்டு ரவிக்கைகளை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

எட்டு நாள் கட்டிவைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் வாக்கில் வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. செத்த எலியாக இருக்கும் என்று பரணில் இருந்ததை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். கோழிப்பண்ணைக் காற்று என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கென்னவோ நாயின் நாற்றம்தான் வீட்டில் ஊறிப்போய்விட்டது என்று தோன்றியது. பினாயில் விட்டுக் கட்டிலுக்கடியில் கழுவினேன். அப்பா கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு நான் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி அதன்மேல் சாக்ஸ் போட்டிருந்தார். தரை சில்லென்று இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார். லாரி ஓட்டிய காலத்திலிருந்தே அவருக்கு சாக்ஸ் பழக்கம் உண்டு. அதைத் தானே துவைத்துக் கொல்லையில் காயப்போடுவார். மகள் தன் காலைத் தொடுவதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. தீபாவளிக்குக் காலில் விழப் போனால்கூட நகர்ந்துகொள்வார், பொம்பளப் புள்ள காலத் தொடப்படாது என்பார். அதனால் அந்தக் காலை நான் பார்க்கவில்லை. அந்தக் காலிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குனிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னறையில் அப்பா, டேய், டேய் விடுடா என்று சொல்வது கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாய் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு வந்திருந்தது. முக்காடு கழுத்தில் தொங்கியது. அப்பாவின் சாக்ஸை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு வெறி பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அதன் முதுகில் அடித்தேன். விடவில்லை. இன்னொரு அடி. அது என்னைப் பார்த்து உறுமவும் இல்லை, அப்பாவைக் கடிக்கவும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அடியை வாங்கிக்கொண்டு இழுத்தது. சாக்ஸும் துணியும் சேர்ந்து கழன்று வந்தன.

தரையில் அரிசி சிந்தியது போல் இருந்தது. அரிசி அசைந்தது.

நாயின் காதிலிருந்து விழுந்தவை என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்திலும் அப்படித்தான் நினைத்தேன். குனிந்து அதன் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். காது ஆறியிருந்தது. எட்டு நாளில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் வந்திருந்தது. அதன் பிறகுதான் நிமிர்ந்து அப்பாவின் காலைப் பார்த்தேன்.

பார்த்ததை எழுதப்போவதில்லை. பாதத்தின் அடியில் ஒரு வாய் திறந்திருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

"பாக்காத ஆத்தா. அங்கிட்டுப் போ" என்றார் அப்பா. காலை இழுத்து வேட்டிக்குள் மறைத்துக்கொள்ளப் பார்த்தார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆடி மாதம் கொல்லையில் நடக்கும்போது கருவேல முள் செருப்பைத் துளைத்து ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. பாதம் மரத்துப்போய்ப் பல நாள் ஆகிவிட்டது. செருப்பைக் கழற்ற இழுத்தபோது அது கழலாமல் பாதத்தோடு சேர்ந்து வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஆறிவிடும் என்று துணி சுற்றிக்கொண்டார்.

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்காத்தா இருந்தாச் சொல்லிருப்பேன்" என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "வலி இல்ல ஆத்தா. இவன் பாத்துக்கிட்டான். ஒரு ஈய ஒக்கார விடல. பகல் பூரா முழிச்சுக் கெடந்தான்."

அதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை அவர் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு நர்ஸ் முகத்தைச் சுளிக்காமல் அப்பாவின் காலைத் தன் மடியோரம் வைத்துக்கொண்டு டர்பன்டைன் எண்ணெயை விட்டார். அதே நெடி. அதே போன்ற இடுக்கி. கிண்ணம் மட்டும் பெரியது. எத்தனை நாளாச்சும்மா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பார்வையில் அது இருந்ததா, நானாக அதில் வைத்தேனா, தெரியாது. சர்க்கரை கணுக்காலுக்கு மேலேயும் வேலையைக் காட்டியிருந்தது. மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புழு வைப்பதற்கு முன்னால் வந்திருந்தால் பாதத்தோடு நின்றிருக்குமா என்று டாக்டரிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதில் எதுவாக இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்று தோன்றியது.

ஐப்பசிக் கடைசியில் அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நாயைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். ஆட்டோ நின்றதும் அது ஓடி வந்தது, குரைக்கவில்லை. அப்பாவைத் தூக்கிப் படுக்கவைக்கும் வரைக்கும் நிலையில் நின்று பார்த்தது. பிறகு கட்டிலுக்கு அடியில் போய் அதே கால்மாட்டில் படுத்துக்கொண்டது. நான் சாக்கை மடித்து அதற்குக் கீழே போட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அப்பா கூப்பிட்டார்.

"ஈ ஒக்காருது ஆத்தா. வெரட்டி விடேன்."

எங்கேப்பா என்றேன். போர்வையை விலக்கி எல்லா இடமும் பார்த்தேன். கட்டுப் போட்ட இடத்தில் ஒன்றுமில்லை.

"பெருவெரல்ல."

எந்தக் காலின் பெருவிரல் என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. இல்லாத காலின் பெருவிரல். வெட்டி எடுத்த பிறகும் நரம்புக்கு அந்த ஞாபகம் இருக்கும், அப்படித்தான் தோன்றும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டும் போகவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று நான்கு தடவை கூப்பிடுவார். மரத்துப்போய் முள் ஏறியதுகூடத் தெரியாமல் இருந்த கால், இப்போது ஓர் ஈயின் ஆறு கால்களையும் தனித்தனியாக உணர்ந்தது. விரலிடுக்கில் இறங்குது என்பார். குதிகாலுக்குப் போயிருச்சு என்பார். நான் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு கட்டிலின் முனையில் நின்று, ஒன்றுமே இல்லாத போர்வையின் மேல் வீசுவேன். போயிருச்சாப்பா? போயிருச்சு ஆத்தா.

மார்கழி வந்தது. பனி. பண்ணையில் எருவை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் ஓர் ஈயைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. ஒருநாள் நான் அப்படி விசிறிக்கொண்டு நிற்கும்போது நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, முன்னங்கால்களைக் கட்டிலின் விளிம்பில் வைத்து நின்றது. கால் இருந்திருக்க வேண்டிய இடத்தை உற்றுப் பார்த்தது. ஏதோ பறப்பதைத் தொடர்வதுபோல் அதன் தலை மெதுவாகத் திரும்பியது. டக்கென்று கவ்வியது.

அப்பா மூச்சை விட்டார். இப்பத்தான் போச்சு என்றார்.

நாய் என்னைப் பார்த்துவிட்டுப் பழையபடி படுத்துக்கொண்டது. அந்த அறையில் ஈ இல்லை. நான் ஜன்னல், சுவர், போர்வையின் மடிப்பு எல்லாம் தேடினேன். இல்லை. அன்றிலிருந்து அப்பா கூப்பிடும்போது நான் போய் நிற்பதற்குள் நாய் எழுந்துவிடும். விசிறியைவிட அதனால்தான் அவருக்கு நிம்மதி கிடைத்தது.

தை மாதம் அம்மாவுக்குத் திதி கொடுத்த அன்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஐயர் போன பிறகு அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"நான் இவனக் கட்டிப் போட்டிருக்கக் கூடாதுப்பா."

அப்பா மென்றுகொண்டே இருந்தார். விழுங்கிவிட்டு, "நீ நாய்க்குத்தானே பாத்த. நல்லாத்தான் பாத்த" என்றார்.

அதை ஆறுதலாகச் சொன்னாரா, வேறு மாதிரி சொன்னாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரலை ஞாபகத்தில் மீட்டிப் பார்க்கிறேன். சில நாள் அது என்னைத் தடவிக் கொடுக்கிறது. சில நாள் என் முகத்தில் அறைகிறது. அவரிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கப் பழகாதவர்கள் நாங்கள். இன்னொரு வாய் சோறு எடுத்து நீட்டினேன், அவர் வாங்கிக்கொண்டார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார். நான் காப்பியோடு போய் எழுப்பும்போதுதான் தெரிந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். காலால் இல்லை என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் தனியாக வந்து சொன்னார்கள்.

முன்னறையில் கிடத்தியிருந்தபோது மாலைகளுக்கு ஈ வந்துவிட்டது. சித்தி ஒருத்தி தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தில் ஈ மொய்க்காமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். நாய் கூட்டத்துக்கு நடுவே புகுந்து உள்ளே வந்தது. பிணம் கிடக்கும் வீட்டில் நாயா என்று ஆண்கள் இரண்டு பேர் எழுந்து விரட்ட வந்தார்கள். அழுதுகொண்டிருந்த நான் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னேன், அதைத் தொடக் கூடாது என்று. என் குரல் எப்படி இருந்ததோ, அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அது கால்மாட்டில் படுத்துக்கொண்டது. எடுக்கும் வரைக்கும் அங்கிருந்து அசையவில்லை. அப்பாவின் ஒற்றைக் கால் பக்கம் அது படுக்கவில்லை. இன்னொரு பக்கம்தான் படுத்தது.

அப்பா புண்ணை மறைத்துவிட்டார் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொன்னேன். கணவரிடமும் மகளிடமும் அதைத்தான் சொன்னேன். அது உண்மைதான். எட்டு நாள் கட்டிவைத்ததையும், விளக்குமாற்றுக் கட்டையால் அடித்ததையும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

நான் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். நாய்க்கு வயதாகிவிட்டது, ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அதன் காதில் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்கிறேன். சொல்லப்போனால் அந்த வேலையில் எனக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. யார் வீட்டு நாய்க்குக் காது புண்ணானாலும் என்னிடம் கொண்டு வருகிறார்கள். பொருக்கை ஊறவைத்து எடுக்கச் சொல்வேன், சாக்கை மாற்றச் சொல்வேன், முக்காடு தைத்துக் கொடுப்பேன். பிறகு, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா, சர்க்கரை இருக்கிறதா, அவர்கள் பாதத்தைப் பார்த்தீர்களா என்று கேட்பேன். நாயைக் கொண்டுவந்த இடத்தில் இதை ஏன் கேட்கிறாள் என்று விழிப்பார்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் முக்காட்டைக் கொடுப்பதில்லை. இதுவரை ஒரு வீட்டில் மட்டும் புண் இருந்தது. ஒரு பெரியம்மாவுக்கு, குதிகாலில், காசளவு. சீக்கிரமே ஆறிவிட்டது.

போன வருடம் கணவர் விடுமுறையில் வந்திருந்தார். வந்த அன்று சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, போன் வெளிச்சத்தைப் போட்டுப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு விரலிடுக்காக விலக்கிப் பார்த்தேன். ஏய், கூசுது என்று சிரித்தார். என்ன தேடுற என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஆனால் விடவில்லை. இடது காலை முடித்துவிட்டு வலது காலை எடுத்தபோது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். காலை என் மடியில் விட்டுவிட்டு, நான் பார்த்து முடிக்கும் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.